கறுத்த மணலின் உலோகத்தை எதால் கழுவுவது?

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நடந்தால் பாதம் கறுத்துவிடும். அலை ஒதுக்கிய அந்தக் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. இல்மனைட்டுக்குள் இரும்போடு பிணைந்து டைட்டானியம் இருக்கிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்தக் கரையின் மணலுக்கு உலகச் சந்தையில் விலை வந்தது. அன்று இது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கொல்லத்துச் சவறை கேரளத்தில் நின்றது. சவறையில் கருமணலிலிருந்து டைட்டானியம் பஞ்சு, அதாவது துளைத்துளையான முதல்நிலை உலோகம், எடுக்கும் ஆலை 2011-இல் தொடங்கியது, ஆண்டுக்கு 500 டன் திறனோடு. ஒரு பக்கம் தும்பா, இன்னொரு பக்கம் மகேந்திரகிரி, இரண்டும் இஸ்ரோவின் ராக்கெட் மையங்கள். நடுவே களியக்காவிளை எல்லையை ஒட்டி, நான் பல வருடம் தரப் பரிசோதனை பார்த்த சின்னப் பட்டறை.

எங்களுக்கு வந்த டைட்டானியம் வேலை கொஞ்சந்தான். பெரும்பாலும் விமான எஞ்சினுக்கான பிராக்கெட், கிளாம்ப், எப்போதாவது கம்ப்ரஸர் பக்கத்து வளையம். ஒரு நாள் சூளைக்குப் போக வேண்டிய 14 உருப்படிகளை ஒரு பையன் டின்னில் முக்கி முக்கி எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தான். மேஸ்திரி கேட்டார்:

“இது என்னவாக்கும் மக்களே?”

“தின்னராக்கும் அண்ணே. பெயிண்ட் கடையில வாங்கினது. பிசுக்கு நல்லாப் போவுது.”

பிசுக்கு நல்லாத்தான் போயிருந்தது. உருப்படி கண்ணாடி மாதிரி மின்னியது. டின்னில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதிய சீட்டு இல்லை. வேலை கொடுத்தவர்களிடம் நடந்ததை அப்படியே சொன்னோம். 14 உருப்படியையும் ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டார்கள். விரிசலைக் காட்டும் பெனட்ரன்ட் எண்ணெயைப் போட்டுப் பார்த்ததில் ஒரு விரிசலும் தெரியவில்லை. ஆனாலும் அவை திரும்ப ஏற்கப்படவில்லை. அந்தப் பையன் அன்று கேட்ட கேள்விக்கு என்னால் உடனே முழுப் பதில் சொல்ல முடியவில்லை: “துருப் பிடிக்காத இரும்பை இதுலதான கழுவுறோம், டைட்டானியம் அதைவிட உறுதிதான அண்ணே?” இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்.

டைட்டானியம் உறுதியானது, உண்மை. எடை எஃகில் ஏறக்குறைய அறுபது சதவீதம், உருகுநிலை 1668 டிகிரி செல்சியஸ், கடல் தண்ணீரில் வருடக்கணக்கில் கிடந்தாலும் அரிக்காது. ஆனால் இந்த அரிக்காத குணம் உலோகத்தின் குணம் இல்லை. அதன் மேல்தோலின் குணம். டைட்டானியம் இயல்பில் ஆக்சிஜன் மேல் பெரும் பசி கொண்ட உலோகம். காற்றோ ஈரமோ பட்ட கணத்திலேயே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் மூடிக்கொள்கிறது. ஒரு தலைமுடியின் குறுக்களவு எண்பதாயிரம் நானோமீட்டர் அளவுக்கு இருக்கும் என்றால் இந்தத் தோல் எவ்வளவு மெலிசு என்று பாருங்கள். கீறல் விழுந்தால் அந்த நொடியே திரும்ப மூடிக்கொள்கிறது. மூடிக்கொள்ள அதற்கு ஆக்சிஜன் வேண்டும், பெரும்பாலும் தண்ணீரிலிருந்து கிடைக்கும் ஆக்சிஜன். ஆகவே எந்தக் கரைப்பானைத் தேர்ந்தாலும் முதலில் கேட்க வேண்டியது ‘இது பிசுக்கை எடுக்குமா’ என்பதல்ல. ‘தோல் கிழிந்தால் மூட விடுமா’ என்பதே.

இதைக் கேட்காமல் போனதற்கு மிகப் பெரிய உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. 1966 அக்டோபரில், கலிபோர்னியாவின் டௌனி நகரில், அப்போலோ விண்கலத்தின் சர்வீஸ் மாட்யூலில் இருந்த டைட்டானியம் எரிபொருள் தொட்டி ஒன்று அழுத்தச் சோதனையின்போது உடைந்தது. சோதனைக்கு உண்மையான எரிபொருளை நிரப்பவில்லை, அது நச்சு. அதற்குப் பதிலாக மெத்தனால் நிரப்பியிருந்தார்கள். எந்த ஆபத்தும் இல்லாத மாற்று என்று நினைத்து நிரப்பிய திரவம்தான் தொட்டியைப் பிளந்தது. உலோகம் Ti-6Al-4V என்று உலகம் முழுக்க எழுதப்படும் அதே கலவை: 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம். இன்றும் எஞ்சின் வேலைகளில் அதிகம் புழங்குவது அதுதான்.

நடந்தது இது. அழுத்தத்தில் உலோகம் நுண்ணளவில் இழுபட்டு, தோல் அங்கங்கே கிழிகிறது. ஈரமில்லாத மெத்தனாலில் தோலைத் திரும்ப மூடப் போதுமான தண்ணீர் இல்லை. கிழிசலின் முனையில் வெற்று உலோகம் தொடர்ந்து கரைந்து, விரிசல் உள்ளே நடக்கிறது. சிறிதளவு குளோரைடு இருந்தால் இன்னும் வேகம். அதே மெத்தனாலில் ஓரிரு சதவீதம் தண்ணீர் கலந்துவிட்டால் விரிசல் பெருமளவு அடங்கிவிடுகிறது. உலர்ந்த குளோரின் வாயுவிலும் இதே கதைதான்: ஈரக் குளோரினைத் தாங்கும் டைட்டானியம், முற்றிலும் உலர்ந்த குளோரினில் தீப்பிடித்து எரியும். பட்டறைப் பழக்கம் நமக்குச் சொல்லித் தந்தது என்ன? தண்ணீர் கலக்காத, சுத்தமான கரைப்பான் என்றால் நல்லது. டைட்டானியத்திடம் அந்தப் பாடம் செல்லாது.

இப்போது அந்தத் தின்னருக்கு வருகிறேன். பெயிண்ட் கடையில் விற்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் என்பது ஒரு பொருளின் பெயரல்ல, ஒரு கலவையின் பெயர். டொலுயின், அசிட்டோன், பியூட்டைல் அசிடேட் எனப் பலதும் இருக்கும். விலை குறைய குறைய மெத்தனால் சேர வாய்ப்பு உண்டு. இன்றைய டின்னும் அடுத்த மாத டின்னும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஸ்பிரிட் என்று வாங்குவதிலும் இதே சந்தேகம் உண்டு. மெத்தனால் மனிதனுக்கு என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே திரவம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும். டைட்டானியம் உள்ள பட்டறையில் சீட்டில்லாத தின்னர் டின் உள்ளேயே வரக்கூடாது என்பது என் கருத்து. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மெத்தனாலைவிட அதிகம் பேசப்படும் எதிரி குளோரின். இதில் ஒரு விசித்திரம் உண்டு: டைட்டானியம் பிறப்பதே குளோரின் வழியாகத்தான். மணலிலிருந்து எடுத்த ஆக்சைடைக் குளோரினோடு சேர்த்து டைட்டானியம் டெட்ராகுளோரைடு என்ற திரவமாக்கி, அதை மெக்னீசியத்தோடு சூடாக்கி உலோகத்தைப் பிரிக்கிறார்கள். சவறையில் நடப்பதும் அதுவே. ஆனால் செய்து முடித்த உருப்படியின் மேல் குளோரைடு ஒட்டியிருந்து, அது இழுவிசையில் இருக்கும்போது வெப்பம் சுமார் 260 டிகிரியைத் தாண்டினால், விரிசல் தொடங்கலாம். 1950-களில் ஆய்வுக்கூடத்தில் 370 டிகிரி அளவில் இழுத்து வைத்துச் சோதித்த டைட்டானியத் துண்டுகளில் காரணம் தெரியாமல் விரிசல் வந்தது. தேடிப் பார்த்தபோது விரிசல் கிளம்பிய இடம் மனிதக் கைரேகையாக இருந்தது. வியர்வையில் இருக்கும் உப்புதான் காரணம். எங்கள் ஊரில் சித்திரை மாதத்தில் கையை எத்தனை முறை துடைத்தாலும் வியர்வை நிற்காது. வெறுங்கையோடு டைட்டானியத்தைத் தொடாதே என்று மேஸ்திரி கத்தியதன் அர்த்தம் அதுதான்.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓடும் எஞ்சினில் இந்தச் சூட்டு உப்பு விரிசலால் பாகம் உடைவது, ஆய்வுக்கூடம் பயமுறுத்திய அளவுக்கு நடக்கவில்லை. கடலோர விமானநிலையங்களில் இத்தனை எஞ்சின்கள் உப்புக் காற்றை உறிஞ்சியும் தாக்குப்பிடிக்கின்றன. ஆபத்து பெரிதாக இருப்பது செய்யும் இடத்திலும் பழுதுபார்க்கும் இடத்திலும். வளைத்த, பற்றவைத்த உருப்படிக்குள் இறுக்கம் தேங்கி நிற்கும். அந்த இறுக்கத்தை எடுக்க 480 முதல் 650 டிகிரிச் சூளையில் வைப்பார்கள். அதற்குச் சற்று முன்புதான் கழுவுவார்கள். கழுவிய கரைப்பானில் குளோரின் இருந்து, ஒரு துளி மடிப்புக்குள்ளோ போல்ட் ஓட்டைக்குள்ளோ தங்கிவிட்டால், குளோரின், இறுக்கம், வெப்பம் மூன்றும் ஒரே இடத்தில் கூடிவிடும்.

எனவேதான் ட்ரைகுளோரோஎத்திலீன் இந்த வேலைக்கு வேண்டாம் என்கிறேன். பழைய பட்டறைக்காரர்கள் ‘ட்ரைக்ளோர்’ என்று செல்லமாகச் சொல்வார்கள். தொட்டியில் 87 டிகிரியில் கொதிக்க வைத்தால் எழும் ஆவி, குளிர்ந்த உருப்படியில் பட்டு வடிந்து எண்ணெயைக் கழுவிக்கொண்டு இறங்கும், எளிதில் தீப்பிடிக்காது, வேலை சுத்தம். அந்த வசதிக்காகப் பல தலைமுறை தொழிலாளர்கள் விலை கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது. சிறுநீரகப் புற்றுநோய்தான் முக்கியமாகச் சுட்டப்பட்டது. 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு அதைத் தடை செய்யும் விதியை வெளியிட்டது. பக்கத்தில் வெல்டிங் நடந்தால் அதன் ஆவி சிதைந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாகக்கூட மாறும். இந்தியாவில் கார்பன் டெட்ராகுளோரைடைக் கரைப்பானாகப் பயன்படுத்துவது 2010 தொடக்கத்தோடு நின்றது. அதற்கு மாற்றாக ட்ரைக்ளோரைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்குப் போனார்கள். உருப்படிக்கும் கெடுதல், ஆளுக்கும் கெடுதல் என்ற இரண்டு கணக்கும் ஒரே பக்கம் சாயும் பொருள் இது.

குளோரின் ஒளிந்து வரும் வழிகள் நிறைய. வண்டி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் ஒரு வகை குளோரின் கரைப்பானால் ஆனது, இன்னொரு வகை அப்படி இல்லை. இரண்டு டப்பாவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பி.வி.சி. கையுறையைப் போட்டுக்கொண்டு அசிட்டோனில் கை வைத்தால் கையுறையே இளகி உருப்படியில் பூசப்படும்; பி.வி.சி.யில் குளோரின் உண்டு. குறியிடும் பேனா மை, ஒட்டும் டேப்பின் பசை, பட்டறையில் மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டின் சாயம் எல்லாமே கரைந்து இறங்கும். வெள்ளைத் துணி, அதுவும் துவைத்து உலர்த்தியது, போதும். அதற்கு ஆகும் கூடுதல் செலவைப் பற்றிப் பேசுவதே வீண்.

தண்ணீரும் அப்படித்தான். அமெரிக்காவில் 1960-களில் ஏ-12, எஸ்.ஆர்.-71 வேவு விமானங்களை டைட்டானியத்தில் கட்டியபோது ஒரு புதிர் வந்தது. குளிர்காலத்தில் ஸ்பாட் வெல்டு செய்த இறக்கைத் தகடுகள் நீடித்தன. கோடையில் செய்தவை சீக்கிரம் கெட்டன. தேடியபோது, விமானம் கட்டிய பர்பேங்க் நகர நீரில் பாசி பிடிக்காமல் இருக்கக் கோடையில் மட்டும் குளோரினை அதிகமாகக் கலக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த நீரில்தான் தகடுகளைக் கழுவியிருந்தார்கள். காட்மியம் பூசிய ஸ்பானர்களும் அங்கே டைட்டானியம் போல்ட்டுகளைக் கெடுத்தன. இதைப் படித்தபோது எங்கள் பட்டறைத் தொட்டி ஞாபகம் வந்தது. ஒரு குழாயில் கடலோர போர்வெல்லின் உப்புத் தண்ணீர், இன்னொன்றில் பிளீச்சிங் பவுடர் வாசனையோடு பஞ்சாயத்துத் தண்ணீர். இரண்டுமே கடைசி அலசலுக்கு ஆகாது. அயனி நீக்கிய நீர், அதாவது பேட்டரிக் கடையில் விற்கும் தரத்துக்கு மேல் சோதித்து வாங்கிய நீர், கடைசி அலசலுக்குக் கட்டாயம்.

சரி, எதைத்தான் பயன்படுத்துவது? எஞ்சின் பாகம் என்றால் முதல் பதில் எஞ்சின் செய்தவரின் கையேடு. அதில் பெயர் சொல்லி அனுமதித்த பொருளைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. இப்படி அனுமதிக்கவென்றே ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு வகுத்த ஒரு சோதனை முறை இருக்கிறது: எஃப் 945. டைட்டானியத் தகட்டை வளைத்து இறுக்கத்தில் வைத்து, கழுவுபொருளைப் பூசி, சுமார் 480 டிகிரியில் சூடாக்கி, பிறகு விரிசலைத் தேடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க உப்புக் கரைசல் பூசிய துண்டு ஒன்றும் கூடவே போகும். அதில் விரிசல் வந்தால்தான் சோதனை சரியாக நடந்தது என்று பொருள். கழுவுபொருள் விற்பவரிடம் இந்தச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கலாம். ‘எல்லா உலோகத்துக்கும் பாதுகாப்பானது’ என்று டப்பாவில் அச்சிட்டிருப்பது அறிக்கை ஆகாது.

பொதுவாக ஏற்கப்படும் பொருள்கள் என்று பார்த்தால் அசிட்டோன், எம்.ஈ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்), ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அப்புறம் தண்ணீரில் கலக்கும் காரச் சோப்புக் கரைசல்கள். கெட்டியான கிரீஸை ஐசோபுரோப்பைல் எடுக்காது. அதற்கு முதலில் சூடான காரக் கரைசல்தான் சரி. ஆனால் காரம் என்றதும் காஸ்டிக் சோடாவைக் கொட்டிக் கொதிக்க விடக்கூடாது. காரத்தின் வீரியத்தைக் காட்டும் பி.எச். அளவு 12-க்கு மேலும் வெப்பம் 80 டிகிரிக்கு மேலும் போனால் டைட்டானியம் ஹைட்ரஜனை உறிஞ்சத் தொடங்கலாம். உறிஞ்சினால் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை வரும். இந்தக் கலவையில் ஹைட்ரஜன் 0.015 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருப்பதிலிருந்தே எவ்வளவு கொஞ்சம் போதும் கெடுக்க என்பது தெரியும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கலந்த ‘துரு நீக்கி’களைப் பற்றி ஒரே வார்த்தை: தொடாதீர்கள். அது டைட்டானியத்தின் தோலையும் தின்னும், மனிதனின் எலும்பு வரையும் போகும்.

கடைசித் துடைப்புக்கு என் தேர்வு ஐசோபுரோப்பைல். பலர் அசிட்டோன் என்பார்கள், அதற்கும் நியாயம் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்துக் காற்றை நினையுங்கள். அசிட்டோன் மிக வேகமாக ஆவியாகும்போது உருப்படியின் மேற்பரப்பு குளிர்ந்துபோகிறது. புழுக்கமான காற்றின் ஈரம் அதன் மேல் பனியாக இறங்குகிறது. துடைக்கும் முன்பே அசிட்டோன் பறந்துவிட்டால் கரைந்த எண்ணெய் அதே இடத்தில் மெல்லிய வட்டமாகத் திரும்பப் படிந்துவிடுகிறது. எந்தக் கரைப்பானானாலும் நனைத்த துணியால் துடைத்து, அது காயும் முன்பே உலர்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். காய விட்டால் கழுவவே இல்லை என்று அர்த்தம். சுத்தமானதா என்று பார்க்க எளிய வழி: அயனி நீக்கிய நீரை ஊற்றிப் பாருங்கள். அரை நிமிடம் வரை நீர் ஒரே விரிப்பாக நின்றால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது.

நல்ல கரைப்பான்கள் எல்லாம் தீக்கு நெருக்கமானவை என்பதையும் மறக்கக்கூடாது. அசிட்டோனின் ஆவி மைனஸ் 20 டிகிரியிலேயே பற்றும், எம்.ஈ.கே. சுமார் மைனஸ் 9. ஐசோபுரோப்பைல் 12 டிகிரி. நம் பட்டறை மார்கழியில்கூட இந்த அளவுக்குக் கீழே போகாது, ஆகவே டின் திறந்த நேரமெல்லாம் பற்றக்கூடிய ஆவி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். டைட்டானியத் தூளும் சுருளும் கிடக்கிற இடத்தில் இது இரட்டை ஆபத்து. எரியும் டைட்டானியத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் பிறந்து வெடிக்கும்; கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் உதவாது; நைட்ரஜனிலேயே எரிகிற உலோகம் அது. அதற்கென உள்ள உலோகத் தீயணைப்புத் தூளோ, நன்றாகக் காய்ந்த மணலோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கையுறை விஷயத்தில், நீல நைட்ரைல் கையுறை ஐசோபுரோப்பைலுக்குத் தாங்கும், அசிட்டோனும் எம்.ஈ.கே.யும் அதைச் சீக்கிரமே ஊடுருவிவிடும், அதற்கு பியூட்டைல் ரப்பர் வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது 1989 ஜூலை 19. அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 என்ற டி.சி.-10 விமானம் நொறுங்கியது. 296 பேரில் 112 பேர் இறந்தார்கள். வால் எஞ்சினின் டைட்டானியம் விசிறித் தட்டு பறக்கும்போது உடைந்தது. உலோகம் உருகும்போதே உள்ளே மாட்டிய ஒரு குறையிலிருந்து விரிசல் பல வருடம் வளர்ந்திருந்தது. முந்தைய வருடம் அந்தத் தட்டைப் பெனட்ரன்ட் சோதனைக்கு உட்படுத்தியபோது விரிசல் சுமார் அரை அங்குலம் இருந்திருக்கும் என்று விசாரணையில் கணித்தார்கள். கண்ணில் படவில்லை. 1996-இல் பென்சகோலாவில் டெல்டா விமானத்தின் எஞ்சினில் விசிறியைத் தாங்கும் டைட்டானியம் ஹப் உடைந்து இருவர் இறந்தபோது, தவறவிட்ட பெனட்ரன்ட் சோதனைக்கு முந்தைய கழுவலும் உலர்த்தலும் சரியாக நடந்தனவா என்ற கேள்வி விசாரணையில் நேரடியாக எழுந்தது.

பெனட்ரன்ட் என்பது விரிசலுக்குள் தானாக ஏறும் ஒளிரும் எண்ணெய். ஏற வேண்டுமானால் விரிசல் காலியாக இருக்க வேண்டும். அதில் ஏற்கெனவே கிரீஸோ, கழுவிய தண்ணீரோ, உலராத கரைப்பானோ நின்றால் ஏறாது. விளக்கடியில் உருப்படி குறையில்லாததாகத் தெரியும். எங்கள் 14 பிராக்கெட்டிலும் ஒன்றும் தெரியவில்லை என்றேன் அல்லவா, தெரியாதது இல்லாததற்குச் சாட்சி ஆகாது என்பதால்தான் அவை திரும்ப ஏற்கப்படவில்லை. இதே காரணத்தால் பெனட்ரன்ட்டுக்கு முன் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும் சிறு உலோகக் குண்டுகளை வீசி ஷாட் அடிப்பதும் தவறு. மேற்பரப்பு இழுபட்டு விரிசலின் வாய் மூடிவிடும். கழுவியபின் வெதுவெதுப்பான காற்றில் நன்றாக உலர்த்தி, அறை வெப்பத்துக்கு ஆறவிட்டு, பிறகே சோதனைக்குத் தர வேண்டும்.

மிச்சக் கரைப்பான் எங்கே போகிறது என்பது கடைசியாக நான் சொல்ல வேண்டியது. குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. பட்டறைக்குப் பின்சுவரைத் தாண்டினால் யாரோ ஒருவர் துலா போட்டு இறைத்த பழைய கிணறு இருக்கும். ட்ரைக்ளோர் தண்ணீரைவிடக் கனமானது. மண்ணில் ஊற்றினால் கீழே கீழே இறங்கி, நீர்மட்டத்தையும் தாண்டி அடியில் போய்ப் படுத்துவிடும், அங்கிருந்து வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய கரைப்பானைச் சீட்டு ஒட்டிய மூடிய டிரம்மில் சேர்த்து, அனுமதி பெற்ற நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அழிப்பதற்காகக் கொண்டுபோவதென்றால் அதற்கும் தனி அனுமதி வேண்டும். எங்கள் பட்டறையில் அந்தத் தின்னர் நிகழ்ச்சிக்குப் பிறகு மேஸ்திரி மூன்று டிரம் வைத்தார். அவற்றின் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. கழுவின அந்தப் பையன்தான் இப்போது வருகிற ஒவ்வொரு டின்னின் சீட்டையும் படித்து நோட்டில் எழுதுகிறான்.